தறிக்குழியில் வந்த இருமல்

என் மனைவிக்குக் கல்யாணமான புதிதில் ஒன்றரை மாதம் இருமல் இருந்தது. அந்த இருமலுக்காக எங்கள் வீட்டில் காய்ச்சாத கஷாயம் இல்லை, இடிக்காத சரக்கு இல்லை. லேகியம் மட்டும் மூன்று தடவை கிளறினோம். மூன்றாவது தடவை கிளறியதைத் தெருவே சாப்பிட்டது. இத்தனைக்கும் அவளுக்கு இருமலே கிடையாது.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அன்றைக்கு இந்த ஒரு வரியைச் சொல்ல வாய் வராமல்தான் அவ்வளவு பாடும் பட்டேன்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. அறுபதுகள் முடிகிற சமயம். வீட்டில் அம்மா, நான், ஒரு தறி. எட்டாவது முடித்ததோடு பள்ளிக்கூடத்தை விட்டு, தறிக்கு அடியில் தோண்டிய குழியில் காலை விட்டவன் நான். எங்கள் தறியில் ஓடியது, உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக வரும் பட்டுச் சேலை. அதை ஒருவர் தனியாக நெய்ய முடியாது. நெய்கிறவர் நடுவில் உட்காருவார். வலப்பக்கத்துக் கரைக்கு இன்னொருவர் அவரை ஒட்டி உட்கார வேண்டும். நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் நாடாக் கட்டை அந்தக் கரைக்கென்று தனியாக உண்டு. உடலின் நூலும் கரையின் நூலும் ஒவ்வொரு இழைக்கும் கைகோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். வலப்பக்கத்து நாடாவில் நூல் தீர்ந்தாலோ அறுந்தாலோ நடுவில் இருப்பவன் உடனே நிற்க வேண்டும். சரியானதும் மறுபடி ஓட்ட வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் என் வலப்பக்கம் உட்கார்ந்தது அம்மா. "நில்லு" என்பாள், நிற்பேன். "போடு" என்பாள், நாடாவைப் போடுவேன். பிறகு அவளுக்குக் கண் மங்கத் தொடங்கியது. ஒரு நாள் அரக்கு நூலுக்குப் பதில் சிவப்பைச் சுற்றி ஒரு விரற்கடை கரையை நெய்து முடித்துவிட்டோம். பிரித்துப் போட அரை நாள் ஆயிற்று. அந்த மாதமே எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கினார்கள்.

மாகறலில் பெண் அமைந்தது. அவர்களும் நெசவுக் குடும்பம்தான், ஆனால் பருத்தித் தறி. வந்த பத்தாம் நாள் அவள் என் வலப்பக்கம் உட்கார்ந்தாள். கை வேகம் அம்மாவைவிடக் கூடுதல். சிக்கல் ஒன்றே ஒன்றுதான். அவளால் "நில்லு" என்று சொல்ல முடியாது. கட்டிய புருஷனை யார் அப்படி அதட்டுவார்கள்? "நில்லுங்க" என்று சொல்லலாம். ஆனால் அடுத்த அறையில் மாமியார் ராட்டை சுற்றிக்கொண்டிருக்கும்போது, விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை, "நில்லுங்க, போடுங்க, நில்லுங்க, போடுங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தால் கேட்பவர்கள் என்ன நினைப்பார்கள்? அவளுக்கு அப்படித் தோன்றியிருக்கிறது. அவளை மட்டும் சொல்வானேன், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முதல் வாரம் நாங்கள் பேசிக்கொண்டதை எல்லாம் சேர்த்தால் ஒரு கைக்குட்டையின் முனையில் முடிந்துவிடலாம்.

தறியில் உட்கார்ந்த முதல் நாள் அவள் நாடாவில் நூல் தீர்ந்துபோனது. நான் கவனிக்கவில்லை, குழிக்குள் மிதிக்கட்டையை மிதித்துக்கொண்டே இருக்கிறேன். அவள் கையை நீட்டினாள், மடக்கினாள், முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் தொண்டையைச் செருமி ஒரு இருமல் இருமினாள். நான் நின்றேன். நூலை மாற்றினாள். இப்போது என்ன செய்வது? இரண்டு இருமல் இருமினாள். நான் போட்டேன்.

எங்களுக்கு ஒரு பாஷை கிடைத்துவிட்டது. ஒன்று என்றால் நில்லுங்கள். இரண்டு என்றால் போடுங்கள். இழுத்து ஒன்று என்றால் நூல் அறுந்துவிட்டது, இங்கே பாருங்கள். நாலைந்து நாள் கழித்துத் திடீரென்று மூன்று இருமல் வந்தது. நான் பதறிப்போய் நாடாவைப் பார்த்தேன், தறியில் நீளவாட்டில் கட்டிய பாவு நூலைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் மூன்று. அந்த மூன்றுக்கு அர்த்தம் எதுவும் இல்லை, நான் நிமிர்ந்து பார்க்கிறேனா என்று பார்ப்பதற்குத்தான் என்பது எனக்கு விளங்க ஒரு வாரமாயிற்று. விளங்கிய அன்று நான் நெய்த நாலு விரற்கடையை அம்மா தடவிப் பார்த்துவிட்டு, "என்னாடா இது, சேலையா, சல்லடையா?" என்றாள்.

அப்புறம் நானும் பதிலுக்கு மூன்று இருமத் தொடங்கினேன். தறியில் மட்டும் இல்லை. கிணற்றடியில், கொல்லையில், சாப்பிட உட்காரும்போது. எங்கிருந்தாவது பதில் வரும். அது வரும் வரை எனக்குச் சோறு இறங்காது.

இதெல்லாம் அம்மாவின் காதில் எப்படி விழுந்துகொண்டிருக்கும் என்று நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவே இல்லை.

அப்பா அந்தத் தறிக்குழியில்தான் இருமினார். அப்போது எனக்கு ஆறு வயது. சளி என்றார்கள், குழியின் ஈரம் என்றார்கள், ஒரு கார்த்திகையில் போய்விட்டார். அதிலிருந்து இருமல் சத்தம் கேட்டால் அம்மாவால் சும்மா இருக்க முடியாது. எதிர்வீட்டு மாடு செருமினாலும் எட்டிப் பார்ப்பாள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு, குழியில் கால் வைத்தால் சில்லென்று இருந்த ஒரு காலையில் அவள் ராட்டையை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"என்னாமா, தொண்ட கட்டிக்கினு இருக்குதா?"

என் மனைவி தலையை ஆட்டினாள். அவள் தலையாட்டலில் ஆமாமும் இல்லையும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே ஜாடையில் இருக்கும்.

"எத்தினி நாளா?"

மறுபடி அதே தலையாட்டல்.

"வாயத் தொறந்து சொல்றதில்ல. டேய், சைக்கிளை எடு. செவிலிமேட்டாண்ட வேலியில ஆடாதொட இருக்கும், ஒரு பை பறிச்சினு வா. தூதுவளையும் கெடச்சா கொண்டா."

அந்த இடத்தில் நான், "அம்மா, அது இருமல் இல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். "பின்ன என்னாடா?" என்று கேட்பாளே. அதற்கு என்ன பதில் சொல்வது? நான் சைக்கிளை எடுத்தேன்.

ஆடாதொடை இலை பறிப்பதில் கஷ்டம் இல்லை. தூதுவளைதான் இலைக்கு இலை முள். பட்டு நெய்கிறவன் விரலில் கீறல் இருக்கக் கூடாது, நூல் அதில் மாட்டி இழுபடும். நான் இரண்டு கையிலும் ஏழெட்டுக் கீறலோடு வந்து நின்றேன். அம்மா என் விரல்களுக்கு எண்ணெய் தடவிவிட்டு, இலைகளை மிளகு தட்டிப் போட்டு, ஒரு செம்பு தண்ணீர் ஒரு டம்ளராகச் சுண்டும் வரை காய்ச்சினாள். ஆடாதொடையின் கசப்பை எழுதிக் காட்ட முடியாது. என் மனைவி டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, ஒரே மூச்சில் குடித்து, கண்ணில் நீர் தளும்ப டம்ளரைக் கீழே வைத்தாள். முகம் அசையவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத் தறியில் அவள் நூல் தீர்ந்தது. ஒரு இருமல்.

"இன்னும் கேக்கலியா?" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "சாயங்காலம் மிளகு கூடப் போடறேன், இரு."

பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம். அந்த வீட்டு அக்கா என் அம்மாவை வதினா என்று கூப்பிடுவார். அண்ணி என்பதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை அது. கஷாயம் கேட்கவில்லை என்று தெரிந்ததும் அவர் ஓமவல்லி இலையை வாட்டிப் பிழிந்து தேனில் குழைத்துக் கொண்டுவந்தார். அதுவும் கேட்கவில்லை. நொச்சி இலையைக் கொதிக்கவைத்து, என் மனைவியைக் கம்பளிக்குள் உட்காரவைத்து இரண்டு பேருமாக ஆவி பிடிக்கவைத்தார்கள். கம்பளி அசையாமல் இருந்தது. நான் பாவில் ஒரு முடிச்சைத் தேடுகிறவன் மாதிரி அந்தப் பக்கமாகப் போய் மெல்ல மூன்று இருமினேன். கம்பளிக்குள்ளிருந்து மூன்று வந்தது.

"பாத்தியா வதினா, சளி அறுத்துக்கினு வருது!" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

அடுத்தது லேகியம். சுக்கு, மிளகு, திப்பிலி, அதிமதுரம், சித்தரத்தை. நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் பொட்டலமாக வாங்கி வந்தேன். அம்மா இளம் வறுப்பாக வறுத்துக் கொடுக்க, நான் உரலில் இடித்தேன். இடித்ததைத் துணியில் சலிக்க வேண்டும். மற்ற வீடுகளில் மல் துணியில் சலிப்பார்கள். எங்கள் வீட்டில் இருக்கும் துணிகளிலேயே மெல்லியது, சேலை அறுத்தபின் மிஞ்சிய ஒரு முழப் பட்டு. "இதுல சலிச்சா மாவா எறங்கும்" என்று அம்மா அதை எடுத்துக் கொடுத்தாள். நானும் அவளும் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு ஒரு தட்டுத் தட்டினோம்.

மாவாக இறங்கவில்லை. புகையாகக் கிளம்பியது. மிளகும் திப்பிலியும் சேர்ந்த ஒரு மேகம் அப்படியே எழுந்து கூடத்தை நிறைத்தது. அம்மா இருமினாள், நான் இருமினேன், என்ன நடக்கிறதென்று எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா வரிசையாகத் தும்மிக்கொண்டே திரும்பிப் போனார். அந்த ஒன்றரை மாதத்தில் எங்கள் வீட்டில் யாரும் உண்மையாகவே இருமியது அந்த ஒரு தடவைதான். என் மனைவி ஒருத்தி மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரமாக, ஒரு சத்தமும் இல்லாமல், தோள் குலுங்க நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரிக்கிறாள் என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

முதல் தடவை அம்மா கிளறியது காரம் தாங்கவில்லை. அடுத்த தடவை அம்மாவுக்குத் தோள் வலி. "நீ கிளறுடா, அவ வெறகு தள்ளட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் ராட்டைக்குப் போய்விட்டாள். நான் கரண்டியோடு நிற்கிறேன். அவள் அடுப்பின் முன்னால் குந்தியிருக்கிறாள். கல்யாணமாகி, பகல் வெளிச்சத்தில், வீட்டில் எல்லோரும் அறிய, ஒரே இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் சும்மா இருந்தது அதுதான் முதல் தரம். லேகியம் அவசரமாகக் கிளறுகிற காரியம் இல்லை. பனைவெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, பாகாகக் காய்ச்சி, பொடியைத் தூவி, நெய்யை விட்டுக்கொண்டே ஒட்டாமல் சுருளும் வரை கிளற வேண்டும். நான் அதைவிட நிதானமாகக் கிளறினேன்.

"பாகு வந்துடுச்சா பாரு" என்றேன். அதுதான் நான் அவளிடம் நானாகப் பேசிய முதல் வார்த்தை என்று நினைக்கிறேன்.

அவள் ஒரு சொட்டை எடுத்துக் கட்டைவிரலிலும் ஆள்காட்டிவிரலிலும் ஒட்டிப் பிரித்தாள். மெல்லிய நூலாக இழுபட்டது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, பட்டு நூலைத் தரம் பார்ப்பது மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "இது ஒத்தை இழை. முறுக்கேறணும்" என்றாள். பிறகு, தான் பேசிவிட்டதை நினைத்துத் தானே பயந்து அடுப்பை ஊதத் தொடங்கிவிட்டாள்.

அவள்தானே தின்னப்போகிறாள் என்று வெல்லத்தை ஒரு பங்கு கூடப் போட்டேன். நெய்யையும் தாராளமாக விட்டேன். ஆறியதும் தேன். நெல்லிக்காய் அளவு உருட்டினால் அது லேகியம் மாதிரியும் இருந்தது, அல்வா மாதிரியும் இருந்தது. அவள் வேளைக்கு ஒன்று தின்றாள். யாரும் பார்க்காதபோது இன்னொன்று தின்றாள். பக்கத்து வீட்டு அக்கா ருசி பார்க்க ஒன்று வாங்கிப் போனார். மறுநாள் அவர் வீட்டுக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்று, "ரெண்டு நாளா எனக்கும் லேசா நெஞ்சுல கரகரன்னு" என்றார். அதற்கடுத்த நாள் எதிர்வீடு. மூன்றாம் தடவை பெரிய உருளியில் கிளற வேண்டியதாயிற்று. அந்த வாரம் எங்கள் தெருவில் இருமாத மனிதர் இல்லை.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இருமல் நிற்காத வரை லேகியம், லேகியம் இருக்கும் வரை அடுப்படி. நான் அவ்வளவுதான் கணக்குப் போட்டேன். அம்மா போட்ட கணக்கு வேறு.

ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம் சொன்னது தறியிலிருந்த எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. "வதினா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சிக்காதே. தறியில குந்தினா இருமுது, அடுப்பாண்ட வந்தா நின்னுபூடுது. இது குழி ஈரம்தான். உன் பையனுக்கும் ஒட்டிக்கினு இருக்குது. முத்த வுட்டா அப்பறம் ஆஸ்பத்திரில படம் புடிச்சித்தான் பாக்கணும்."

அம்மா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு ஒரு தபால் கார்டைக் கையில் கொடுத்தாள்.

"உன் மாமனாருக்கு எழுது. பொண்ணுக்கு ஒடம்பு சரியில்ல. குழி ஈரம் ஒத்துக்கல. வந்து கூட்டிக்கினு போகட்டும். மழையெல்லாம் போயி, இருமலும் போனப்பறம் வரட்டும்."

"எத்தினி நாளும்மா?"

"தையோ மாசியோ. அவ உசுரு முக்கியமா, சேலை முக்கியமா? உங்கப்பனை நான் இந்தக் குழியை விட்டு எழுப்பாம குந்த வெச்சினு இருந்தேன். இன்னொரு தரம் அந்தத் தப்பைப் பண்ண மாட்டேன்."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் எதையாவது சொல்லியிருப்பேன். கோபம் இல்லை. நான் கார்டை எடுத்து, "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கி, என் மனைவியை அழைத்துப் போகச் சொல்லி என் கையாலேயே எழுதினேன். எழுதிய கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன். மூன்றாம் நாள் அம்மா சட்டையைத் துவைக்க எடுத்தபோது கார்டு அகப்பட்டுவிட்டது. ஓரத்தில் லேகியக் கறை வேறு. அவளே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

வந்து என் மனைவியிடம் ஆறுதலாகச் சொன்னாள்: "உங்கப்பா வியாழக்கிழமைக்குள்ள வந்துடுவாரு. அதுக்குள்ள நின்னுடுச்சின்னா நீ போக வேணாம்மா. ஒரு இருமலு இல்லாம இருந்தா போதும்."

அம்மா, அம்மன் கோயிலுக்குக் கிளம்பிப் போனதும் நாங்கள் இரண்டு பேரும் தறியில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம்.

"அம்மாகிட்ட சொல்லிடவா?" என்றேன்.

"என்னான்னு சொல்வீங்க?"

"நீ இருமாம இரு" என்றேன்.

"நூல் தீந்துட்டா?"

"கையத் தட்டு."

தட்டிப் பார்த்தோம். அதற்குள் அம்மா திரும்பி வந்திருந்தாள். "என்னாடா சத்தம், பாவு அறுந்துடுச்சா?" என்று ஓடிவந்தாள். வளையலை ஆட்டலாம் என்றால், பட்டில் மாட்டும் என்று வலது கை வளையலை என் மனைவி எப்போதோ கழற்றி வைத்திருந்தாள். மெதுவாக "நில்லுங்க" என்று சொல்லிப் பார்த்தாள். தறிச் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. கடைசியில் குழிக்குள் காலால் என் காலைத் தொடுவது என்று முடிவாயிற்று. அவள் பாதம் என் பாதத்தில் பட்டதும் நான் துள்ளி, மிதிக்கக் கூடாத மிதிக்கட்டையை மிதித்து, ஒரே நேரத்தில் இருபது இழையை அறுத்தேன். முடிச்சுப் போட்டு முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று. முடிச்சுப் போடுகிற நேரமெல்லாம் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். சிரிப்பை அடக்கினால் இருமல் வந்துவிடும்.

புதன்கிழமை சாயங்காலம் அவள் தகரப் பெட்டியை இறக்கித் துணிகளை மடித்து வைத்தாள். ஒரு இருமல்கூட இல்லை. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மாமனார் வந்துவிட்டார். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் தேன் பாட்டில். வாசலில் கால் கழுவும்போதே, "எங்கம்மா பாப்பா? எப்பிடி இருக்குது?" என்று பதறிக்கொண்டு கேட்டார். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். ஆடாதொடை, ஓமவல்லி, நொச்சி, லேகியம், குழி ஈரம், ஆஸ்பத்திரிப் படம்.

"நான் சொல்றது எதுக்குண்ணா, நீங்களே காதால கேளுங்க" என்று சொல்லிவிட்டு எங்களைத் தறியில் உட்காரச் சொன்னாள். "இதோ நான் ராட்டையில குந்தறேன். இங்கயிருந்தே எனக்குக் கேக்கும்."

நாங்கள் உட்கார்ந்தோம். அம்மா அடுத்த அறைக்குப் போனாள். மாமனார் தறியின் ஓரத்தில் குந்தினார். அவர் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. நெசவாளியின் கண் எங்கே போனாலும் கைக்குத்தான் போகும். நான் போட்டேன், அவள் போட்டாள். பத்து இழை, இருபது இழை. ஒரு சத்தமும் இல்லை. அவள் நாடாவில் நூல் குறைந்துகொண்டே வருவது எனக்குத் தெரிந்தது. அது தீருவதற்குள் நானே நின்றுவிடலாம் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்ததில் நடு நாடாவைத் தவறவிட்டேன். அதைப் பிடிக்கிற நேரத்தில் அவள் நூல் தீர்ந்தது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கழுத்து நரம்பு தெரிந்தது. நான் கவனிக்காமல் மிதிக்கக் காலைத் தூக்கினேன். ஒரு இருமல்.

என் கால் அந்தரத்தில் நின்றது. அடுத்த அறையில் ராட்டையும் நின்றது. "கேட்டீங்களா?" என்றாள் அம்மா.

என் மனைவி நூலை மாற்றினாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்பது போல இரண்டு இருமல் இருமினாள். நான் போட்டேன்.

மாமனார் என் காலைப் பார்த்தார், மகளின் கையைப் பார்த்தார், மறுபடி என் காலைப் பார்த்தார். குடையைக் கீழே வைத்தார்.

"சம்மந்தியம்மா, ராட்டைய வுட்டுட்டு இங்க வந்து குந்துங்க."

"எதுக்குண்ணா?"

"அங்கயிருந்து காதால கேட்டுக்கினே இருந்தீங்க. இங்க வந்து கண்ணால பாருங்க." அம்மா வந்து உட்கார்ந்ததும் மகளிடம், "நூல எடுத்துட்டு மறுபடி மாட்டும்மா. ஒண்ணும் வெக்கப்படாத" என்றார். அவள் எடுத்தாள். ஒரு இருமல். நான் நின்றேன். மாட்டினாள். இரண்டு இருமல். ஓட்டினேன்.

"பாத்தீங்களா? இருமினா தறி நிக்குது, இருமினா தறி ஓடுது. எந்த ஊர்ல சளி இப்பிடி வேலை செய்யும்? இவ அம்மா இருவத்தஞ்சு வருசமா என்னை இப்பிடித்தான் கூப்புடறா. சோறு ஆயிடுச்சின்னா ஒண்ணு. யாராவது வந்துகிறாங்கன்னா ரெண்டு. சந்தையில எவளோ ஒருத்தி இருமினா கூட திரும்பிப் பாக்கற ஆளு நானு."

அம்மா நம்பவில்லை. "பொண்ண வுட்டுக் குடுக்காம பேசறீங்க. சரிண்ணா, அவ கூப்புடறா, ஒத்துக்கறேன். இவனும்தான் இருமறான். கெணத்தாண்ட இருமறான், கொல்லையில இருமறான், சோத்துல கைய வெச்சினு இருமறான். இவன் யாரைக் கூப்புடறான்?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா, மாமனார், அவள். அவள் என் முகத்தை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான். தகரப் பெட்டி சுவரோரம் இருந்தது. எனக்குக் காது இரண்டும் கொதித்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுந்து நிற்கச் சொன்னபோது கூட அப்படி வேர்த்ததில்லை.

"அவளத்தாம்மா" என்றேன்.

அப்புறம் அம்மாவின் முகம் எப்படி எப்படியோ போயிற்று. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று நான் எழுந்தேன். கையை எடுத்ததும் பார்த்தால் சிரிக்கிறாள். கண்ணில் நீர் கொட்டக் கொட்டச் சிரிக்கிறாள்.

"அடிப் பாவி! கொடம் கொடமா ஆடாதொட ஊத்தினேனே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? கம்பளிய போட்டு வேக வெச்சேனேடி!"

என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு, அந்த வீட்டுக்கு வந்து முதல் முதலாக அம்மாவுக்கு வாய் திறந்து பதில் சொன்னாள்: "லேகியம் நல்லா இருந்துது அத்தை."

"கசாயம்?"

"அது நல்லா இல்ல."

மாமனார் அப்படியே தரையில் சாய்ந்துவிட்டார். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அக்கா, "வதினா, என்னாச்சு?" என்று ஓடிவந்தார். அம்மா அந்த அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். பாதிதான் சொல்ல முடிந்தது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

சாப்பாடு முடிந்து மாமனாரை சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் அவர் குடையை மடியில் வைத்துக்கொண்டு தானாகச் சிரித்துக்கொண்டே வந்தார். பஸ்ஸில் ஏறியபின் ஜன்னல் வழியாக, "மாப்ளே, கார்டுல நீங்க எழுதினது ஒரு எழுத்து கூட நேரா இல்ல. அப்பவே சந்தேகப்பட்டேன்" என்றார். பஸ் கிளம்பியது. அவர் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அதில் யாரும் உட்காரவில்லை என்பதைப் பார்த்த பிறகுதான், அவள் போகவில்லை என்பது எனக்குள் முழுசாக இறங்கியது. நான் சைக்கிளைத் திருப்பி மிதித்த மிதியில் சங்கிலி கழன்றுவிட்டது. மாட்டிக்கொண்டு மறுபடி மிதித்தேன்.

எங்கள் தெருமுனையில் திரும்பியபோது முதல் வீட்டுத் தறி திடீரென்று நின்றது. உள்ளேயிருந்து ஒரு இருமல் கேட்டது. நான் ஒன்றும் நினைக்கவில்லை. அடுத்த வீட்டில் இரண்டு. எதிர்வீட்டில் மூன்று. ஜன்னலில் ஒரு முகம் சிரித்துக்கொண்டே உள்ளே போயிற்று. அதற்குள் தெருவின் இந்தச் சாரியில் ஒரு பாட்டம், அந்தச் சாரியில் ஒரு பாட்டம், பெண்கள், ஆண்கள், வயதான ஒரு மாமா பொக்கை வாயோடு, எல்லோருமாக என்னைப் பார்த்து இருமினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு, காது சிவக்க, தெரு முழுவதும் கடந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் இடுப்பில் கை வைத்து நின்று, பாட்டுப் பாடுவது போல நீட்டி ஒன்று இருமினார்.

எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினேன். உள்ளேயிருந்து மூன்று இருமல் வந்தது. அவள்தான் என்று நினைத்து அவசரமாகச் செருப்பைக் கழற்றினேன். அம்மா! ராட்டையின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, முகத்தை ஒன்றும் தெரியாதது போல வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அதற்குப் பின்னால், தறியிலிருந்து, சத்தமாக, மூச்சு வாங்க, அடக்க முடியாமல் ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அது அவ்வளவு பெரிய சிரிப்பாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.